பிளம் பூவைக் கொண்டாடுகிறவர்கள் பழத்தை ஏன் மறந்துவிடுகிறார்கள்?

வெண்கிளை எழுதியது:

கொஞ்ச நாளாகச் சீன மை ஓவியங்களைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரும்பத் திரும்ப ஒரே மரம்தான் வருகிறது. இலையே இல்லாத, முறுக்கிக்கொண்டு போகிற கறுத்த கிளை, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஐந்து இதழ்ப் பூ, சிலவற்றில் கிளைமேல் பனியும் இருக்கிறது. கீழே விளக்கம் என்று பார்த்தால் "பிளம் பூ, மன உறுதியின் அடையாளம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. நாம் சாப்பிடுகிற சிவப்புப் பிளம்ஸ் காய்க்கும் மரமும் இதுவும் ஒன்றுதானா? ஒன்று என்றால் நான் பார்த்த படங்களில் ஏன் ஒரு பழத்தைக்கூடக் காணோம்?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வீட்டுப் பின்புறம் ஒரு மரத்துக்கு இடம் இருக்கிறது, குளிர்காலத்தில் நன்றாகவே குளிரும் இடம். பூவுக்காக ஒன்று வைப்பதா, பழத்துக்காக வைப்பதா, இரண்டுக்கும் ஒரே மரம் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுக்கத்தி எழுதியது:

முதலில் மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பேச்சு முழுக்கக் குழம்பிப்போகும். ஓவியத்தில் இருப்பது சீனாவில் மெய் என்றும் ஜப்பானில் உமே என்றும் சொல்கிற மரம், தாவரவியல் பெயர் ப்ரூனஸ் மூமே. பிளம் என்றே எல்லோரும் எழுதினாலும் இது ஆப்ரிகாட்டுக்குத்தான் நெருங்கிய உறவு. காயைத் தடவினால் மெல்லிய முடி கையில் படும், சதை கொட்டையை விட்டுப் பிரியாது, கொட்டையின் மேல் ஊசியால் குத்தினதுபோல் குழிகள் இருக்கும். பழுத்தாலும் புளிப்புப் போகாது, அப்படியே கடித்துச் சாப்பிடுகிற பழம் இல்லை.

கடையில் வாங்கும் சாறு சொட்டுகிற உருண்டைப் பிளம்ஸ் பெரும்பாலும் ப்ரூனஸ் சாலிசினா வழி வந்தவை. இதற்கு ஜப்பான் பிளம் என்று பேர், ஆனால் பிறந்த இடம் சீனா. அமெரிக்காவில் லூதர் பர்பேங்க் என்ற பயிர்ப் பெருக்குநர் 1885இல் ஜப்பானிலிருந்து கன்றுகளை வரவழைத்து அங்கிருந்த வகைகளோடு கலந்து பல புது வகைகளை உருவாக்கினார், அவர் 1906இல் வெளியிட்ட சாண்டா ரோசா இன்றைக்கும் தோட்டங்களில் இருக்கிறது. மூன்றாவது, ஐரோப்பிய பிளம், ப்ரூனஸ் டொமெஸ்டிகா. முட்டை வடிவில் நீலக்கறுப்பாக, மேலே வெள்ளையாக மெழுகுப் பூச்சு படிந்திருக்குமே, அது. உலர்த்தி விற்பது இந்த வகையைத்தான்.

பூவை வைத்துப் பிரிப்பதும் சுலபம்தான். உமே பூவுக்குக் காம்பு இல்லாத மாதிரியே இருக்கும், கிளையோடு ஒட்டிக்கொண்டு ஒரு கணுவுக்கு ஒன்றாகப் பூக்கும், இதழ் நுனி நல்ல வட்டம். செர்ரிக்கு நீளக் காம்பு, கொத்துக் கொத்தாகத் தொங்கும், இதழ் நுனியில் சின்ன வெட்டு இருக்கும். பீச் இதழ் கொஞ்சம் கூர்மை, பூக்கும்போதே இலையும் தலை நீட்டும். சாலிசினாவின் பூ வெள்ளையாக, சின்னதாக, காம்போடு இரண்டு மூன்றாக வரும். வாசனை போதும் என்பவர்களுக்கு இன்னும் எளிது. கண்ணை மூடிக்கொண்டு உமே மரத்துக்குப் பக்கத்தில் நின்றாலே தெரிந்துவிடும், செர்ரியில் பெரும்பாலான வகைகளுக்கு அந்த மணம் வராது.

மைத்துளி எழுதியது:

வெண்கிளை, நீங்கள் கேட்டது மிக நல்ல கேள்வி. ஆனால் பழத்தை மறந்தார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் வந்ததே பழம்தான், பூ ரொம்பப் பின்னால் வந்தது.

சீனாவின் மிகப் பழைய பாடல் தொகுப்பில், அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கும் முந்தைய பாட்டுகளில், இந்த மரம் வருகிற ஒரு பாட்டில் பூ பற்றிப் பேச்சே இல்லை. ஒரு பெண் பாடுகிறாள். மரத்திலிருந்து பழங்கள் உதிர்கின்றன, பத்தில் ஏழு பாக்கி. அப்புறம் மூன்று பாக்கி. கடைசியில் எல்லாவற்றையும் கூடையில் அள்ளியாகிவிட்டது. என்னைப் பெண் கேட்க நினைப்பவர்கள் சீக்கிரம் வாருங்கள், காலம் போகிறது என்கிறாள். எவ்வளவு நேரடியான பேச்சு! பழைய அரச உரைத் தொகுப்பு ஒன்றில் நல்ல அமைச்சனைப் பற்றிச் சொல்லும்போது, குழம்பு சமைக்க உப்பும் பிளம்மும் எப்படியோ அப்படி நீ எனக்கு என்று அரசன் சொல்கிறான். காடி பரவலாவதற்கு முன்னால் சமையலுக்குப் புளிப்பு இந்தக் காயிலிருந்துதான் வந்தது.

மூன்று ராஜ்ஜியக் காலத்துத் தளபதி சாவ் சாவ் கதையும் கேட்டிருப்பீர்கள். தண்ணீரில்லாமல் தவித்த படையிடம், முன்னால் பெரிய பிளம் தோப்பு இருக்கிறது, புளிப்பும் இனிப்புமாகக் காய்த்துத் தொங்குகிறது என்றார். கேட்டதுமே வீரர்களுக்கு வாயில் நீர் ஊறிவிட்டது, அந்தத் தெம்பிலேயே நடந்து தண்ணீர் இருக்கும் இடம் சேர்ந்தார்கள். பழத்தின் புளிப்பு அத்தனை பேர் நாக்கிலும் ஏற்கெனவே இருந்ததால்தான் அந்தச் சொல் வேலை செய்தது.

பூவின் காலம் என்று பார்த்தால் அது சோங் அரச மரபு, 10ஆம் நூற்றாண்டிலிருந்து 13 வரை. லின் பூ என்ற கவிஞர், 1028இல் இறந்தவர், ஹாங்சோவில் மேற்கு ஏரிக்குள் இருக்கும் தனிக்குன்றில் தனியாக வாழ்ந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பதவி தேடிப் போகவில்லை. பிளம் மரங்கள் அவர் மனைவி, கொக்குகள் அவர் பிள்ளைகள் என்று ஊர் சொன்னது. அவர் எழுதிய இரண்டு வரிகள் அதற்குப் பிறகு வந்த அத்தனை ஓவியருக்கும் இலக்கணம் ஆகிவிட்டன. தெளிந்த ஆழமில்லாத நீரின்மேல் சாய்ந்து கிடக்கும் அடர்த்தியில்லாத நிழல், அந்தி நிலவில் மிதந்து வரும் மங்கலான மணம், அவ்வளவுதான் அந்த வரிகள். பூ என்ற சொல்லே இல்லை. நீங்கள் பார்க்கும் ஓவியங்களில் கிளை அதிகம் பூ குறைவு என்று சொன்னீர்களே, அந்தக் கண் இங்கிருந்து வந்ததுதான்.

பைன், மூங்கில், பிளம் மூன்றையும் குளிர்காலத்தின் மூன்று நண்பர்கள் என்று சேர்த்ததும் இந்தப் பின்னணியில்தான். மற்ற இரண்டும் பச்சை மாறாமல் நின்று குளிரைக் கடக்கின்றன. பிளம் இலையெல்லாம் உதிர்ந்து நிற்கிறது, எல்லாம் போன பிறகும் பூக்கிறது. பதவி போய், ஊர் போய், சொத்து போய் நிற்கிற அறிஞனுக்கு இதைவிட நெருக்கமான மரம் வேறு எது?

ஒட்டுக்கத்தி எழுதியது:

கவிதை அழகாக இருக்கிறது மைத்துளி, மறுக்கவில்லை. ஆனால் மரம் வளர்க்கிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்லியே ஆகவேண்டும். சீக்கிரம் பூப்பது தைரியம் கிடையாது. அது அந்த மரத்துக்குப் பெரிய ஆபத்து.

குளிர்நாட்டுப் பழமரங்கள் எல்லாம் இலை உதிர்த்து உறங்கப் போகும். எழுந்திருக்க ஒரு கணக்கு உண்டு. இவ்வளவு மணி நேரம் குளிர் பட்டால்தான் மொட்டு விழிக்கும். ஐரோப்பிய பிளம்முக்கு அந்தத் தேவை அதிகம், சாலிசினாவுக்குக் குறைவு, உமேவுக்கு அதைவிடவும் குறைவு. அது போதாதென்று உமே விழித்த பிறகு மலர்வதற்கு வேண்டிய வெப்பமும் கொஞ்சம்தான். அதனால் தை மாசிக் குளிரிலேயே நாலு நாள் வெயில் அடித்தால் மலர்ந்துவிடும். அதற்குப் பிறகு உறைபனி வராது என்று அதற்கு யாரும் உறுதி கொடுக்கவில்லை.

பிளம் பூ முழுதாக விரிந்திருக்கும்போது வெப்பம் கழித்தல் 2 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கி அரை மணி நேரம் நின்றால் பத்தில் ஒரு பூ செத்துவிடும். கழித்தல் 5 என்றால் பத்தில் ஒன்பது. வெளியே இதழ் வெள்ளையாக அப்படியே இருக்கும், பூவைப் பிரித்துப் பார்த்தால் நடுவில் சூலகம் கறுத்திருக்கும். ஓவியர் அந்தப் பூவையும் வரைவார், அழகாகத்தான் இருக்கும். அதில் காய் வராது. பனி மூடின பூங்கிளைப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வருட விளைச்சல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

தேன்கூடு எழுதியது:

ஆபத்து என்பது சரி அண்ணா, ஆனால் மரம் அந்த ஆபத்துக்குத் தயாராகத்தான் இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உமே மரத்தில் எல்லா மொட்டும் ஒரே நாளில் வெடிப்பதில்லை. குளிர் நீடித்தால் பூக்கும் காலமும் வாரக்கணக்கில் நீண்டுவிடும். இன்றைக்கு விரிந்தது பனியில் போனாலும் அடுத்த வாரம் விரிய மூடின மொட்டுகள் காத்திருக்கும், மூடின மொட்டு விரிந்த பூவைவிடக் குளிர் தாங்கும். வெண்கிளை கேட்ட உறுதி எனக்குத் தெரிந்து அங்கேதான் இருக்கிறது. ஒரு பூவைப் பார்த்தால் தெரியாது, மரத்தை முழுதாகப் பார்க்கவேண்டும்.

அப்புறம் மணம். அந்தக் குளிரில் பறக்கிற பூச்சி மிகக் குறைவு. மற்ற பூக்களும் இல்லை என்பதால் வருகிற ஒன்றிரண்டு தேனீயும் ஈயும் இந்த மரத்துக்குத்தான் வரும், ஆனால் அவற்றைக் கூப்பிட வேண்டுமே. 2012இல் பெய்ஜிங் வனவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் கூட்டாளிகளும் இந்த மரத்தின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்து வெளியிட்டார்கள். நீங்கள் இரண்டு பேரும் பேசுகிற இரண்டு விஷயமுமே அதில் வந்தது. உறக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் ஆறு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, சீக்கிரம் விழிப்பதற்கு அவைதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். பூவின் மணத்தில் முக்கியமான பென்சைல் அசிட்டேட் என்ற பொருளை உண்டாக்குவதில் பங்குள்ள மரபணுக் குடும்பம் இந்த மரத்தில் பெருகிக் கிடக்கிறது. லின் பூ நிலவில் முகர்ந்தது அதைத்தான்.

நேர்கோடு எழுதியது:

எல்லோரும் மரத்தின் குணத்திலிருந்து அடையாளம் தானாகவே வந்தது மாதிரி பேசுகிறீர்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். அடையாளத்தை மனிதர்கள் தேவைக்கு ஏற்ப எடுத்துக்கொள்கிறார்கள், அரசுகள் இன்னும் அதிகமாக.

தைவானில் இருக்கும் சீனக் குடியரசு 1964இல் பிளம் பூவைத் தேசியப் பூவாக அறிவித்தது. மூன்று மகரந்தத் தாள்கள் குடியரசை நிறுவிய தலைவர் சுன் யாட்-சென்னின் மூன்று மக்கள் கொள்கைகள், ஐந்து இதழ்கள் அரசின் ஐந்து கிளைகள் என்று விளக்கம் வேறு. உண்மையான பூவில் மகரந்தத் தாள்கள் டஜன் கணக்கில் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அதே ஐந்து இதழைப் பழைய சீன வழக்கம் நீண்ட ஆயுள், செல்வம், உடல்நலம், நல்லொழுக்கத்தில் பற்று, அமைதியான சாவு என்ற ஐந்து பேறுகளாகப் படித்தது. பூ அதேதான், கணக்குத்தான் வேறு வேறு.

ஜப்பானில் இன்னும் சுவையான மாற்றம். நாரா தலைநகராக இருந்த காலத்தில் பூப் பார்க்கப் போவது என்றால் சீனாவிலிருந்து வந்த உமேவைப் பார்க்கத்தான். 8ஆம் நூற்றாண்டு மன்யோஷு தொகுப்பில் உமே பாட்டுகள் நூற்றுக்கு மேல், செர்ரி பாட்டுகள் அதில் பாதிகூட இல்லை. பிறகு கியோட்டோ அரண்மனையின் முக்கிய மண்டபத்துக்கு முன்னால் நின்ற உமே போய் அதே இடத்தில் செர்ரி நட்டார்கள், மக்கள் மனமும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியது. அப்படியிருக்க 2019இல் புதிய பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கு யுகப் பெயர் தேடியபோது எங்கே போனார்கள்? அதே மன்யோஷுவுக்கு, 730ஆம் ஆண்டு தசாய்ஃபு என்ற ஊரில் ஓட்டோமோ நோ தபிட்டோ என்ற கவிஞர் வீட்டில் நடந்த பிளம் பூ விருந்தின் பாடல்களுக்கு எழுதிய முன்னுரைக்கு. ரெய்வா என்ற பெயர் அதிலிருந்து எடுத்தது. ஆயிரம் வருடம் பின்னால் நின்ற பூ திரும்ப முன்னால் வந்தது, மரத்தில் எதுவும் மாறவில்லை.

மைத்துளி எழுதியது:

மாறுகிறது என்பதாலேயே அது செயற்கை ஆகிவிடாது நேர்கோடு. தசாய்ஃபுவைச் சொன்னீர்கள், அங்கேயே இன்னொரு கதை இருக்கிறது. சுகவாரா நோ மிச்சிசானே, அறிஞர், அமைச்சர். எதிரிகளின் சூழ்ச்சியால் 901இல் தலைநகரிலிருந்து தசாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டார். கிளம்பும்போது வீட்டுப் பிளம் மரத்திடம் பாடினார்: கீழைக்காற்று வீசும்போது உன் மணத்தை அனுப்பு, வீட்டுக்காரன் இல்லை என்று வசந்தத்தை மறந்துவிடாதே. இரண்டே வருடத்தில் அங்கேயே இறந்துபோனார். அந்த மரம் ஒரே இரவில் அவர் இருக்குமிடத்துக்குப் பறந்து போனதாக ஐதீகம், பறந்த பிளம் என்று ஒரு மரத்தை தசாய்ஃபு தென்மாங்கு கோயிலில் இன்றும் வணங்குகிறார்கள். அரசு அவரைத் துரத்தியது, மரம் பின்னாலேயே போனது. இதை எந்த அரசு தன் தேவைக்காகச் செய்திருக்கும்?

கொரியாவிலும் அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டுக் கன்ஃபூசிய அறிஞர் யி ஹ்வாங் இறந்த நாளன்று, தொட்டியில் இருந்த பிளம் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார் என்று சீடர்கள் குறித்துவைத்தார்கள். இன்றைய ஆயிரம் வொன் நோட்டில் அவர் முகத்தோடு பிளம் பூவும் இருக்கிறது. நோட்டு அரசுடையதுதான். தண்ணீர் ஊற்றச் சொன்ன குரல் அவருடையது.

நேர்கோடு எழுதியது:

சரி, ஆனால் அடையாளம் மரத்துக்கே கெடுதல் செய்ததும் உண்டு இல்லையா? சாய்ந்த கிளை, மெலிந்த கிளை, கோணல் தண்டு, இதுதான் உயர்ந்தது என்று அறிஞர்கள் எழுதினார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஃபன் செங்தா தன் தோட்டத்துப் பிளம் வகைகளைப் பதிவுசெய்தபோதே, சாய்வும் மெலிவும் முதிர்ந்த கிளையின் விசித்திரமும்தான் மதிப்பு என்று சொல்லிவிட்டார். பிறகு என்ன ஆயிற்று? விற்பவர்கள் நேராக வளர்கிற கன்றுகளைக் கட்டி வளைத்து, நல்ல கிளையை வெட்டி, மொட்டைக் கிள்ளி, கோணலாக்கி விற்றார்கள்.

இதைக் கண்டித்தவரும் சீனர்தான். கொங் சிசென், 1839இல் எழுதினார். முந்நூறு தொட்டிச் செடிகளை வாங்கினாராம், ஒன்றுகூட நலமாக இல்லை. மூன்று நாள் அழுதுவிட்டு, தொட்டிகளை உடைத்து, கயிறுகளை அவிழ்த்து, எல்லாவற்றையும் மண்ணில் நட்டு, ஐந்து வருடத்தில் குணப்படுத்துவேன் என்று சபதம் செய்தார். அவர் பேசியது மரத்தைப் பற்றி மட்டும் இல்லை, ஒரே அச்சில் வளைக்கப்பட்ட அந்தக் காலத்துப் படித்த மனிதர்களைப் பற்றியும்தான். ஆனால் மரத்தின் வலியை வெறும் உவமையாக எடுத்துக்கொள்ளவில்லை, முந்நூறு செடிக்கும் இடம் தேடினார். எனக்கு இந்த மரபில் மிகப் பிடித்த மனிதர் அவர்தான்.

ஒட்டுக்கத்தி எழுதியது:

கொங் சிசென்னைக் கொண்டுவந்ததற்கு நன்றி நேர்கோடு. கவாத்து செய்கிற ஒவ்வொருவரும் அதைப் படிக்கவேண்டும். கிளையை வெட்டுவது மரத்துக்கு வெளிச்சமும் காற்றும் போகத்தான், நம் கண்ணுக்காக மட்டும் வெட்டினால் மரம் அதை வருடக்கணக்கில் காட்டும்.

உப்புச்சாடி எழுதியது:

எல்லோரும் பூவிலேயே நிற்கிறீர்கள். வெண்கிளை பழத்தைக் கேட்டார், நான் சொல்கிறேன்.

உமே பச்சைக் காயைச் சும்மா கடித்துத் தின்னக் கூடாது. பிஞ்சுச் சதையிலும் கொட்டைப் பருப்பிலும் அமிக்டலின் மாதிரியான பொருள் இருக்கிறது, உடைந்தால் சயனைடு வெளிவரும். பழுக்கப் பழுக்கச் சதையில் அது குறைந்துகொண்டே போகும், உப்பிலோ மதுவிலோ நாள்பட ஊறினாலும் குறையும். அதனால் இந்தப் பழத்துக்குச் சாடியும் பொறுமையும் வேண்டும். உமெபோஷி என்கிற ஜப்பானிய உமே ஊறுகாய்க்கு ஆனியில் மஞ்சளாகப் பழுத்ததை எடுத்து, எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு உப்புப் போட்டு, மேலே பாரம் வைப்பார்கள். இரண்டு மூன்று நாளில் பழமே தன் நீரை விட்டு அதில் மூழ்கிவிடும். ஷிசோ என்ற மணச்செடியின் சிவப்பு இலையைக் கசக்கிச் சேர்த்தால் அந்தப் புளிநீர் பட்டுச் சிவப்பு நிறம் பரவும். மழை ஓய்ந்ததும் மூன்று நாள் வெயிலில் காயவைத்துத் திரும்பச் சாடியில் போடுவார்கள். சிட்ரிக் அமிலமும் உப்பும் சேர்ந்து இருப்பதால் வருடக்கணக்கில் கெடாது. கிழக்காசியாவின் ஆனி மழைக்கே பிளம் மழை என்றுதான் பெயர், பழம் திரளும் நேரத்தில் பெய்வதால்.

இப்போது பூவும் பழமும் பிரிந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். ஜப்பானின் மித்தோ நகரில் கைராக்குஎன் தோட்டம் இருக்கிறது, 1842இல் தொகுகவா நாரியாகி என்ற பிரபு திறந்தது, ஏறக்குறைய 3,000 பிளம் மரம். ஜப்பானின் பெரிய தோட்டங்களில் ஒன்று என்று எல்லோரும் பூப் பார்க்கப் போகிறார்கள். நாரியாகி நட்டபோது பஞ்சத்துக்கும் போருக்கும் உப்பிட்டு வைக்கப் பழம் கிடைக்கும் என்பதையும் சேர்த்துத்தான் நட்டார். ஒரே மரம் பிப்ரவரியில் கண்ணுக்கு, ஜூனில் சாடிக்கு.

வகயாமா மாகாணத்தைப் பாருங்கள், ஜப்பானின் உமேவில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். மினாபே, தனாபே பகுதியில் மண் வளமில்லாத செங்குத்துச் சரிவு, நெல் போட முடியாது, நானூறு வருடமாக உமே வைத்திருக்கிறார்கள். மலை உச்சிக் காட்டை வெட்டாமல் விட்டு, அதில் கரி சுடுவதற்கு மட்டும் கிளை எடுக்கிறார்கள். அந்தக் காடு நீரைப் பிடித்துவைக்கிறது, அங்கே வாழும் ஜப்பானியத் தேனீ இறங்கிவந்து குளிரில் உமே பூவைச் சேர்க்கை செய்கிறது. 2015இல் உலக உணவு வேளாண்மை அமைப்பு இந்த முறையை உலக வேளாண் மரபாக அங்கீகரித்தது. தேன்கூடு சொன்ன அந்த ஒன்றிரண்டு தேனீக்கு ஒரு மலையே வீடாக இருக்கிறது.

தேன்கூடு எழுதியது:

இதைத்தான் சொல்ல நினைத்தேன் அக்கா! அங்கே அதிகம் வளர்க்கும் நாங்கோ வகை தன் மகரந்தத்தில் காய்க்காது, பக்கத்தில் வேறு வகை வேண்டும். காடு போனால் தேனீ போகும், தேனீ போனால் மரம் முழுக்கப் பூ இருந்தாலும் சாடி காலி.

மேற்குக்காற்று எழுதியது:

பேச்சு முழுக்கக் கிழக்கிலேயே இருக்கிறது. ஐரோப்பாவில் இந்த மரத்துக்குக் கவிதை மரியாதை குறைவு, ஆனால் பழத்தைச் சுற்றி ஒரு வாழ்க்கையே இருக்கிறது. செர்பியாவில் பிளம்மை நொதிக்கவைத்து வடித்த ஷ்லிவோவிட்சா என்ற மது பிறப்பிலும் கல்யாணத்திலும் சாவிலும் இருக்கும். அதைத் தயாரிக்கும் பழக்கத்தையும் அறிவையும் 2022இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பிரான்ஸின் ஆஜான் பகுதியில் உலர்ந்த பிளம். ஆஜான் வகையின் ஒட்டுக் குச்சிகளை 1856இல் பெலியே என்ற பிரெஞ்சுச் சகோதரர்கள் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே பெரிய தொழிலே வளர்ந்தது. சர்க்கரை நிறைய இருப்பதால்தான் அந்த வகை கொட்டையோடு காய்ந்தாலும் உள்ளே புளிக்காது. மூன்று கிலோ பழம் காய்ந்து ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும். மலச்சிக்கலுக்குச் சாப்பிடச் சொல்வது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, அதில் உள்ள சார்பிட்டால் குடலுக்குள் நீரை இழுக்கிறது, நார்ச்சத்தும் சேர்ந்துகொள்கிறது.

இந்த மரத்தின் பெரிய துக்கமும் அந்தப் பக்கத்தில்தான் தொடங்கியது. சார்க்கா என்கிற வைரஸ் நோய், முதல் உலகப்போர் காலத்தில் பல்கேரியாவில் கண்டது. அசுவினிப் பூச்சி பரப்பும், அதைவிட நோய்ப்பட்ட ஒட்டுக் குச்சி தூரதேசத்துக்குக் கொண்டுபோகும். இலையில் வெளிறிய வளையம், பழத்தில் பள்ளம், பழுக்கும் முன்னே உதிர்ந்துவிடும். வந்த மரத்துக்கு மருந்து இல்லை, வெட்டி எடுப்பது ஒன்றுதான் வழி. அமெரிக்காவில் 1999இல் பென்சில்வேனியாவில் தென்பட்டது, தோப்புத் தோப்பாக வெட்டி, இருபது வருடம் சோதித்து, 2019இல் ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். உறுதி என்று பேசுகிறோமே, அந்தத் தோப்புக்காரர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெண்கிளை எழுதியது:

இத்தனை வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. ஓவியத்தில் ஏன் பழம் இல்லை என்பதற்கு எனக்கு இப்போது ஒரு விடை தோன்றுகிறது. வரைந்தவர்களின் சமையலறையில் பழம் எப்போதும் இருந்தது, அதைத் தனியாக வரைந்து நினைவூட்ட வேண்டியதில்லை. குளிரின் நடுவில் பூத்தது மட்டும்தான் ஒவ்வொரு வருடமும் அவர்களுக்குப் புதிதாக இருந்திருக்கிறது.

மைத்துளி எழுதியது:

வாங் மியன் என்று ஒரு ஓவியர், 1359இல் இறந்தவர், அவர் வரைந்த மை பிளம் கிளைகளைப் பாருங்கள். நீங்கள் இதுவரை பார்த்த அடர்த்தியில்லாத கிளைக்கு நேர் எதிர், பூ மரம் கொள்ளாமல் இருக்கும். கோணலும் வறுமையும்தான் அழகு என்று இருந்தவர்களுக்கு நடுவில் ஆரோக்கியமான மரத்தை வரைந்தவர் என்று எனக்குத் தோன்றும். நேர்கோடுக்கும் பிடிக்கும்.

வெண்கிளை எழுதியது:

தேடுகிறேன். இப்போது என் மரம். ஒரே இடம்தான் இருக்கிறது, எனக்குப் பூவும் வேண்டும் சாடியும் வேண்டும்.

ஒட்டுக்கத்தி எழுதியது:

அப்படியென்றால் உமே வையுங்கள், ஆனால் வகை பார்த்து வாங்குங்கள். அடுக்கடுக்காக இதழ் வைத்துச் சிவப்பாகப் பூக்கும் அலங்கார வகைகள் பல சரியாகக் காய்க்காது. காய்க்கும் வகைகள் பெரும்பாலும் வெள்ளை, ஐந்து இதழ். கன்று விற்பவரிடம் இரண்டு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: தன் மகரந்தத்தில் காய்க்குமா, இதற்கே நல்ல மகரந்தம் உண்டா? ஷிராககா மாதிரிப் பேர்பெற்ற வகைகளில்கூட மகரந்தம் அநேகமாக இருக்காது, துணைக்கு வேறு ஒன்று வேண்டும். இடம் இல்லை என்றால் இரண்டாவது மரம் தேவையில்லை, ஒரே காலத்தில் பூக்கும் வேறு வகையின் குச்சியை அதே மரத்தில் ஒரு கிளையில் ஒட்டுக்கட்டிவிடலாம், நோயில்லாத மரத்திலிருந்து எடுத்த குச்சியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய பிளம்மை மட்டும் துணை என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள், அதன் குரோமோசோம் தொகுதி ஆறு மடங்கு, உமேவுக்கு இரண்டு மடங்கு, சேராது. பூக்கும் காலமும் வேறு.

பள்ளத்தில் நடாதீர்கள், குளிர்காற்று கனமாக இருப்பதால் இரவில் அங்கேதான் வந்து தேங்கும். கொஞ்சம் மேட்டில், தண்ணீர் நிற்காத மண்ணில், காலை வெயில் சுள்ளென்று உறைந்த பூமேல் விழாத பக்கமாகப் பாருங்கள். வெட்டவேண்டியதைப் பழம் எடுத்த பிறகு கோடையில் வெட்டுங்கள், ஈரக் குளிரில் வெட்டினால் காயத்தில் நோய் ஏறும். பூத்த நேரத்தில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள், தேன்கூடு கோபப்படுவார்.

உப்புச்சாடி எழுதியது:

மூன்று நாலு வருடத்தில் முதல் காய் வரும், கொஞ்சமாகத்தான் வரும். அதைப் பச்சையாகப் பறித்துவிடாதீர்கள். கீழே வலை விரித்து, தானாக உதிர்வதை எடுங்கள், உப்பு விகிதம் அப்போது கேட்டால் சொல்கிறேன்.